இரண்டு விரல்

பாசோ தெ இந்தியோஸ் பங்கில்
டாங்க் பாதிக்கு மேல் இருந்தாலும் நிரப்புவேன்.
பாட்டகோனியாவில் பாதி என்பது காலி.
வண்டியைக் காற்றின் முகத்துக்கு நேராக நிறுத்துவேன்.
முதுகு காட்டி நிறுத்திக்
கதவைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கல்லாவில் சுலேமா கேட்பாள்:
"இன்றைக்கு எத்தனை பேர், நிமியா?"
பின்சீட்டு ஐஸ்பெட்டிக்குள்
முப்பத்தொரு குப்பி ரத்தம்.
"முப்பத்தொரு பேர். ஒருத்தரும் பேச்சுத்துணைக்கு ஆகமாட்டார்கள்."
ட்ரெலேவ் ஆய்வகத்துக்கு இன்னும்
முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

நான் கிளம்பும் நேரத்தைப்
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதுவாள்.
லாஸ் ப்ளூமாஸில் சிக்னல் வரும்,
அங்கிருந்து நான் பேசவேண்டிய நேரத்தையும்.
அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆனால்
போலீஸ் சாவடிக்குச் சொல்லிவிடுவாள்.
பிரார்த்தனை மாதிரி இல்லை இது.
பால் கணக்கு மாதிரி.

அன்று இருட்டிய பிறகு
எழுபதாவது கிலோமீட்டரில்
ஊசி சிவப்புக்கு ஏறியது.
ரேடியேட்டர் பெருமூச்சு விட்டது, விட்டது,
பிறகு விடவில்லை.
ஐந்து லிட்டர் கேனில் ஒரு விரற்கடை தண்ணீர்.
குப்பிகளை மூன்று முறை எண்ணியவள்
கேனைத் தூக்கிப் பார்க்கவில்லை.

உள்ளிருந்து பூட்டினேன்.
விளக்கைப் போட்டேன். அணைத்தேன்.
போட்டால் தெரிவேன்.
அணைத்தால் லாரி ஏறும்.
தனியாக ஓட்டுகிறவள் கணக்கில்
இந்த ஒரு வரி மட்டும் நேராவதே இல்லை.
போட்டேன்.

நாற்பது நிமிடம்.
எங்கோ குவானாகோக் கூட்டம் கனைத்தது.
பின்னால் ஒரு பருக்கை வெளிச்சம்,
பிறகு இரண்டு.
இந்தச் சமவெளியில் ஒரு வண்டி வருவது
வெகு நேரம் முன்பே தெரிந்துவிடும்.
பயப்படவும் அவ்வளவு நேரம் கிடைக்கும்.

பழைய பிக்கப். தாண்டிப் போய் நின்றது.
நம்பர் தகட்டைப் பார்த்து
மணிக்கட்டில் எழுதினேன், பேனா தோலைக் கீற:
கே, எச், வி, நான்கு, ஒன்று, ஒன்பது.
கண்ணாடியை இறக்கினேன், இரண்டு விரல்.
குரல் நுழையும், கை நுழையாது.

இறங்கியவன் கிட்டே வரவில்லை.
பத்தடி தள்ளி நின்று
டார்ச்சைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டான்.
ஐம்பது வயதிருக்கும். மூக்கில் தழும்பு.
கண் கூசியது அவனுக்கு.
திருப்பவில்லை.
"தண்ணீரா?" காற்றில் கத்தினான்.
"தண்ணீர்!"

டார்ச் சாலையோரமாக நடந்துபோனது.
கல்லெறி தூரத்தில்
ஒரு மாடம் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.
தாகத்தில் செத்த ஒருத்திக்கு
லாரிக்காரர்கள் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் மாடம்.
நாலு பாட்டிலோடு வந்தான்.
காற்று உருட்டாதபடி
பானெட்டில், வைப்பருக்கு முட்டுக்கொடுத்து வைத்தான்.
"என்னுடையது இல்லை. அவளுடையது.
திருப்பி வைத்துவிடு."
போகிற போக்கில்,
"மூடியைச் சூட்டோடு திறக்காதே!"

அவன் வண்டி ஒரு சிவப்புப் புள்ளியாகும்வரை
நான் இறங்கவில்லை.
புள்ளி நின்றது.
ஆறவிட்டு, ஊற்றி, கிளம்பும்வரை
அங்கேயே நின்றது.
நான் நகர்ந்ததும் நகர்ந்தது.
லாஸ் ப்ளூமாஸ்வரை எனக்கு முன்னால்,
கூடவுமில்லை, குறையவுமில்லை, அதே தூரம்.
காவலா? பதுங்கலா?
வீல் ஸ்பானர் என் மடியிலேயே இருந்தது.

சுலேமாவைக் கூப்பிட்டபோது
கெடுவுக்கு இன்னும் பதினோரு நிமிடம்.
நம்பரைச் சொன்னேன்.
"கெட்டவனா?"
"தெரியாது. எழுதி வை."
எழுதினாள்.

முப்பத்தொரு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.
மறு வாரம் மாடத்தில் ஆறு பாட்டில் வைத்தேன்,
நாலு அசல், இரண்டு வட்டி.
மணிக்கட்டு எண் ஐந்து நாள்
சோப்புக்கு மசியவில்லை.
போலீசுக்கென்று எழுதியது.
நன்றி சொல்லவும்
என்னிடம் வேறு பெயர் இல்லை.

அடுத்த முறையும் எழுதுவேன்.
இரண்டு விரல்தான் இறக்குவேன்.
அவன் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டான்.
வேறு எதற்கு ஒருவன்
அந்த இருட்டில்
தன் கண்ணில் தானே வெளிச்சம் அடித்துக்கொண்டு
நிற்கவேண்டும்.